இஞ்சை என்றால் இடம், அங்கை என்றால் வலம்

நான் வேலை செய்யும் பார்னஹாகேயில், அதாவது பெற்றோர் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்தில், ஒரு தச்சரின் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள புருசெத்தில் பனி உருகியும் உருகாமலும் கிடந்த ஒரு காலையில் அவர்களுடைய இரட்டைத் தள்ளுவண்டி வாசலில் சேற்றுப்பனிக்குள் புதைந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் உள்ளே இருந்தபடியே வண்டியைத் தூக்கிப் படியில் வைத்தேன். தச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நீ எப்போதாவது யாரையாவது தள்ளி விழுத்தியிருக்கிறாயா என்று கேட்டார்.

பார்னஹாகேயில் வேலை செய்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. இல்லை என்றேன். அப்படியென்றால் நல்லது, மறக்கவேண்டிய பழக்கம் ஒன்றும் உன்னிடம் இருக்காது என்றார். அவர் ஒஸ்லோவில் உள்ள ஓர் அமெரிக்க உதைபந்தாட்டக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். கழகத்துக்குப் பெரிய உடம்புள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பெரிய உடம்பு என்னிடம் எப்போதும் இருந்திருக்கிறது. மன்னாரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒஸ்லோவில் பிறந்த நான், பாடசாலையில் உதைபந்து ஆடும்போது கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டேன். கோல் காப்பேன் என்பதற்காக அல்ல, இடத்தை அடைப்பேன் என்பதற்காக. முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் ஒருவர் இந்த உடம்பு வேண்டும் என்று கேட்டபோது அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தால் என்ன என்று நினைத்துப் போனேன்.

பயிற்றுநர் என்னைவிட வயதில் இளையவர். அமெரிக்காவில் தொழில்முறைக் கழகம் ஒன்றில் இருந்தவர், முழங்கால் கெட்டுப்போனதால் விட்டுவிட்டு, ஒரு நோர்வேப் பெண்ணின் பின்னால் ஒஸ்லோவுக்கு வந்து நகரின் தெற்கே ஹவுகெட்டோவில் குடியிருந்தார். அவரைப் பற்றி எல்லோரும் மரியாதையோடு பேசினார்கள். அவர் அந்த அமெரிக்கக் கழகத்தில் பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்த ஆள் என்பதும், கிழமை முழுக்க மற்றவர்களோடு இடிபட்டுவிட்டு ஆட்டம் நடக்கும் நாளில் சாதாரண உடுப்போடு ஓரத்தில் நின்றவர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரே சொன்னார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பந்தை எறிவதும் அதோடு ஓடுவதும் கோடு கடந்து புள்ளி எடுப்பதும் வேறு ஆட்களின் வேலை. அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் தோளோடு தோளாகக் குனிந்து நிற்பார்கள். இதைத்தான் ஒஃபென்சிவ் லைன் என்பார்கள். நான் எனக்குள் முன்வரிசை என்று வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் பந்தை எறியும்வரை எதிராளிகள் அவரைத் தொடாமல் பார்க்கவேண்டும். யாராவது பந்தோடு ஓடினால் அவருக்கு வழி திறந்துவிடவேண்டும். ஐவரில் நடுவில் நிற்பவன் மட்டும் பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்குக் கொடுப்பான். அதற்குப் பிறகு அவனுக்கும் பந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நடு ஆள் நான்தான்.

இதை என் மனைவிக்கு விளக்கப் பலமுறை முயன்றேன். அவள் முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கிறாள். முதல் முறை ஆட்டம் பார்க்க வந்து, குடையைப் பிடித்தபடி கடைசிவரை கவனமாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் ரி-பானே ரயிலில் வைத்துக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, பந்து உங்கட கையிலதானே முதல் இருக்குது. பிறகேன் அதைக் குடுத்திட்டு ஆளோட கட்டிப் புரளுறியள்?"

அதுதான் என் வேலை என்றேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது ஒருவர் இது றக்பிதானே என்பார், இல்லை என்பேன். இன்னொருவர் அப்படியென்றால் எத்தனை கோல் அடித்தாய் என்பார். வாழ்நாள் முழுக்க அடிக்கப்போவதில்லை என்று சொன்னால், பாவம் என்பதுபோல என் தோளைத் தட்டுவார்கள்.

உடம்பு விஷயத்திலும் குழப்பம்தான். குடும்ப வைத்தியர் என் இரத்தத்தில் சீனி ஏறப் பார்க்கிறது, எடையைக் குறை என்று சொல்லியிருந்தார். பயிற்றுநரோ, ஒரு கிலோவும் குறையக்கூடாது, இயன்றால் ஏற்று என்றார். இருவர் சொன்னதையும் மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் உங்கட ஒரே உடம்பைப் பற்றித்தானே கதைக்கினம்?" என்று கேட்டாள். பிறகு சோற்றைக் குறைத்தாள், மீனைக் கூட்டினாள். யார் சொன்னதை அவள் கேட்டாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

முதல் கிழமைகளில் பயிற்றுநர் எங்களை ஒருவரோடும் இடிக்க விடவில்லை. புல்லுத் தரைக்கு வெளியே தள்ளிவிட்ட பனி கறுத்துக் குவிந்து கிடக்கும். நாங்கள் ஐவரும் வரிசையாகக் குனிந்து நிற்போம். அவர் கையைத் தட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் சரிவாக ஓர் அடி வைக்கவேண்டும். பிறகு இன்னொரு அடி. கழுத்தளவு தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாக. யாருடைய கால் முந்தியது, யாருடைய இடுப்பு உயர்ந்தது என்று அவர் தரையில் படுத்துக்கிடந்து பார்ப்பார். வலப்பக்க ஓரத்தில் நின்ற பேருந்துச் சாரதி, நாங்கள் ஒரு நடனக்குழுவில் சேர்ந்துவிட்டோமோ என்று ஒருநாள் கேட்டார். அவருக்கும் எனக்கும் இடையில் நின்றவர் மரக்கறி மொத்தக் கடையில் லொறி ஏற்றுபவர். அவர் எதையும் கேட்கமாட்டார். இடப்பக்க ஓரத்தில் உயரமான ஒரு சட்ட மாணவன் இருந்தான். அவனுக்கும் எனக்கும் இடையில் தச்சர்.

ஆனால் அதற்கும் முன், முதல் நாட்களில் அந்த இடப்பக்க ஓரத்தில் நின்றவன் நான்தான். மாணவன் வேறோர் இடத்தில் நின்றான். ஒருநாள் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டு, இனி நீ நடுவில் நில் என்றார். ஏன் என்று கேட்டேன். உனக்கு முன்னால் வருகிறவனைவிடப் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றித்தான் நீ அதிகம் கவலைப்படுகிறாய் என்றார். அது பாராட்டா குறையா என்று விளங்கவில்லை. ஓரத்தில் நின்றபோது பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்துப் பார்த்தே நான் பலமுறை விழுந்தது உண்மை. பார்னஹாகேயில் வெளியே போகும்போது எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் ஆடுகளத்திலும் கூட வந்திருக்கலாம்.

நடு ஆளுக்குப் பந்து கொடுப்பது மட்டும் வேலையல்ல. எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்து, இந்த முறை ஐவரும் இடப்பக்கம் சரிந்து தடுப்பதா வலப்பக்கம் சரிந்து தடுப்பதா என்று சத்தமாகச் சொல்லவேண்டியவன் அவன்தான். அவன் பிழையாகச் சொன்னால் எல்லோரும் பிழையாகப் போவார்கள். அது பரவாயில்லை என்றார் பயிற்றுநர். எல்லோரும் சேர்ந்து பிழையாகப் போனால் ஓர் ஓட்டைதான் விழும். மூன்று பேர் சரியாகவும் இரண்டு பேர் பிழையாகவும் போனால் நடுவில் கதவு திறந்துவிடும்.

எனக்கு விளங்காத இன்னொன்று இருந்தது. சில தடவைகளில் தச்சரும் நானும் சேர்ந்து முன்னால் நிற்கும் ஒரே ஆளைத் தள்ளவேண்டும். அவன் நிலைகுலைந்ததும் எங்களில் ஒருவர் அவனை மற்றவரிடம் விட்டுவிட்டு, பின்னால் நிற்கிற அடுத்த ஆளிடம் போகவேண்டும். யார் விடுவது, யார் இருப்பது என்பது முன்கூட்டித் தெரியாது. தள்ளும்போதுதான் தெரியும் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. பல தடவை இருவரும் மரியாதையாக அவனைப் பிடித்துக்கொண்டே நின்றோம். பல தடவை இருவரும் சேர்ந்து விட்டுவிட்டோம். அவன் எங்களைத் தாண்டிப் போய்க் குவாட்டர்பேக்கைப் படுக்கவைத்தான்.

பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் தன் கைபேசியில் தொழில்முறை முன்வரிசைகளின் ஆட்டங்களைக் காட்டுவார். பந்து எங்கே போகிறது என்று பார்க்கக்கூடாது, ஐந்து சோடிக் கால்களை மட்டும் பார் என்பார். தான் இருந்த கழகத்தைப் பற்றியும் சொன்னார். ஒரு வருடம் அவர்கள் லீக்கிலேயே பேர்பெற்ற ஓர் ஆளை வேறு கழகத்திலிருந்து கொண்டுவந்து இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆள் தனியாக நின்றால் அவரை ஒருவராலும் அசைக்க முடியாது. அந்த வருடம் குவாட்டர்பேக் விழுந்ததுபோல முன்னொருநாளும் விழவில்லை. அடுத்த வருடம் அந்த ஆளுக்குக் காயம். பேர் தெரியாத ஒருவர் அவர் இடத்தில் நின்றார், கடைசிவரை அந்த ஐவரையும் மாற்றவில்லை, எல்லாம் சரியாக வந்தது. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று நான் கேட்டேன். அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, நான் ஓரத்தில் நின்று பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் படுதோல்வி அடைந்தோம். எங்கள் குவாட்டர்பேக் அமெரிக்காவில் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவர். கழகத்தில் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். விழுவார், எழும்புவார், தலைக்கவசக் கம்பிக்குள் சிக்கிய செயற்கைப் புல்லை எடுத்துப் போடுவார், மன்னிக்கவும் நண்பர்களே என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்பார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தபோது ஐவரும் அவரவர் அளவில் சரியாகத்தான் செய்திருந்தோம். இருவர் இடப்பக்கம் என்று நினைத்துச் சரியாகச் செய்தார்கள், மூவர் வலப்பக்கம் என்று நினைத்துச் சரியாகச் செய்தார்கள். எதிரணியினர் கத்திய கத்தலில் என் சத்தம் அரைவாசிதான் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் நோர்வேஜிய மொழியில் இருந்ததால், எங்களவர்களைவிட எதிரணியினருக்கு அது நன்றாக விளங்கியிருந்தது.

பயிற்றுநர் என்னிடம், விரலைக் கதவுக்குள் நசித்துக்கொண்டால் எந்த மொழியில் கத்துவாய் என்று கேட்டார். தமிழில் என்றேன். அப்படியென்றால் தமிழில் சொல் என்றார்.

இடம், வலம் என்று சொல்லிப் பார்த்தோம். தலைக்கவசத்துக்குள் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டன. கடைசியில் வீட்டில் கதைக்கிற சொற்களையே எடுத்தேன். இடப்பக்கத்துக்கு இஞ்சை, வலப்பக்கத்துக்கு அங்கை. தச்சரின் வாயில் அது 'இன்சாய்' ஆயிற்று. பேருந்துச் சாரதி இரண்டு சொல்லையும் தன் ஸ்டீரிங்கில் ஒட்டி வைத்திருந்தார். லொறி ஏற்றுபவர் மட்டும் ஒருமுறை கேட்டதும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்போலச் சொன்னார். இந்த விஷயத்தைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "இஞ்சை எண்டு நீங்கள் சொல்லேக்க உண்மையா எங்கை எண்டு அவையளுக்கு விளங்குமோ?" என்றுதான் கேட்டாள். நியாயமான கேள்வி. இஞ்சை என்பது நான் நிற்கும் இடம். அதை எப்படி இடப்பக்கம் ஆக்கினேன் என்று யோசித்தால் எனக்கே தலை சுற்றியது.

ஆனால் வேலை செய்தது. கோடை தொடங்கியபோது நாங்கள் வேறு ஆட்களாகியிருந்தோம். எப்போது மாறினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒஸ்லோவிலேயே குரோருட்டுக்குப் பக்கத்தில் மழைக்குள் ஆடிய ஓர் ஆட்டம் நினைவிருக்கிறது. பயிற்றுநர் ஒரே நகர்வைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்: தச்சருக்கும் எனக்கும் இடையால் பந்தோடு ஓடுவது. இரண்டாம் முறைக்குப் பிறகு எதிரணிக்கும் தெரியும், பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும், குடைக்குள் நின்ற என் மனைவிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வழி திறந்தது. என் முன்னால் நின்றவன் பலமான ஆள்தான். தச்சரும் நானும் தோளைக் கொடுத்ததும் அவன் ஒரு நொடி கனத்தான், பிறகு கனம் போய்விட்டது. அந்தக் கணத்தில் தச்சர் போய்விடுவார், நான் இருப்பேன். அல்லது நான் போவேன், அவர் இருப்பார். ஒருமுறையும் பிழை நடக்கவில்லை. ஆட்டத்தின் முடிவில் அந்த ஆள் ஈரத்தரையில் உட்கார்ந்தபடி, நீங்கள் ஐந்து பேரும் சகோதரர்களா என்று கேட்டான். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் எங்கள் ஓட்டக்காரரின் படம் வந்தது. அதில் ஓரமாக ஒரு முழங்கை தெரிந்தது. அது என்னுடையதுதான் என்று மனைவி சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்காகச் சந்தோஷப்படுகிறேன் என்று தெரியாமல், பார்னஹாகேயில் பிள்ளைகளுக்கு மழைக்காற்சட்டை மாட்டிவிடும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரையிறுதி மேற்குக் கரையில் ஒரு நகரத்தில் நடந்தது. மலைகளைத் தாண்டிப் பேருந்தில் போனோம். அவர்களுடைய அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நின்று வழி பார்த்துப் பாய்கிற ஒருவன் இருந்தான். அந்த இடத்துக்கு லைன்பேக்கர் என்று பெயர். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. முதலாவது தடவை நான் "அங்கை, அங்கை" என்று கத்தியதும் அவன் தலையைச் சற்றுத் தூக்கினான். இரண்டாவது தடவை "இஞ்சை" என்றேன். அவன் வலப்பக்கத்தால் பாய்ந்துவந்து குவாட்டர்பேக்கை விழுத்தினான். அடுத்த தடவை "அங்கை" என்றேன். இடப்பக்கத்தால் வந்தான். நாங்கள் எந்தப் பக்கம் சரிகிறோமோ அதற்கு மறுபக்கம்.

நான்காவது தடவை நான் குனிந்து பந்தில் கை வைத்தபோது அவன் கிட்ட வந்து, அடங்கிய குரலில் சொன்னான்.

"அண்ணா, அங்கைன்னா ரைட்டு. கரெக்டா?"

என் வாழ்நாளில் ஆடுகளத்தில் யாரும் என்னோடு தமிழில் பேசியதில்லை. அதுவும் சினிமாவில் கேட்கிற இந்தியத் தமிழ். நான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தேன். அவன் அண்ணா என்று சொன்னதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஓம் என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். எதிரணி நின்ற நிலையைப் பார்த்தால் இந்தமுறை நாங்கள் வலப்பக்கம் சரியவேண்டும், அதாவது அங்கை. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாயிலிருந்து வந்ததோ "இஞ்சை" என்ற சொல்தான்.

திருத்த நேரமில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு வலப்பக்கம் சரிந்தேன். நான் ஒருவன்தான் வலப்பக்கம் போகிறேன், மற்ற நால்வரும் இடப்பக்கம் போயிருப்பார்கள், நடுவில் ஒரு வீட்டுக் கதவு அகலத்துக்கு வழி திறந்திருக்கும் என்று நினைத்தபடி போனேன். அப்படி நடக்கவில்லை. தச்சரின் இடுப்பு என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நால்வரும் வலப்பக்கம்தான் சரிந்தார்கள். என் சொல்லை நம்பி வலப்பக்கத்தால் பாய்ந்துவந்த அந்தத் தமிழன் நேரே லொறி ஏற்றுபவரின் நெஞ்சில் போய் மோதி உட்கார்ந்தான். பின்னால் எங்கள் குவாட்டர்பேக் ஆறுதலாக நின்று பந்தை எறிந்தார். தூரத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார்.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஓரத்துக்கு வந்து தச்சரிடம், நான் இடப்பக்கம் என்று சொன்னது கேட்டதா என்று கேட்டேன். சொன்னாயா என்றார். தான் என் சொற்களைக் கேட்டுப் பல கிழமைகள் ஆகிவிட்டன, என் பின்பக்கம் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் போவதாகச் சொன்னார். சட்ட மாணவன் தச்சரின் முழங்காலைப் பார்ப்பதாகச் சொன்னான். பேருந்துச் சாரதி, நான் மூச்சை இழுக்கும் விதத்தில் தெரியும் என்றார். இத்தனை சத்தத்துக்குள் என் மூச்சு அவருக்கு எப்படிக் கேட்டது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. லொறி ஏற்றுபவர் மட்டும் தான் சொல்லைக் கேட்டுத்தான் போவதாகச் சொன்னார். இந்தமுறை என்ன சொல் கேட்டது என்றேன். அங்கை என்றார். நிச்சயமாக அங்கை.

அதற்குப் பிறகு அந்த ஆட்டம் முழுக்க நான் வாயில் வந்ததைச் சொன்னேன். இஞ்சை, அங்கை, கத்தரிக்காய், காற்சட்டை. அந்தத் தமிழனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நாங்கள் வென்றோம். நால்வரும் ஒருமுறையும் பிசகவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு வருத்தம். நான் கோடை முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பேருந்து மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது பயிற்றுநர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. படத்தைக் கைபேசியில் பலமுறை ஓடவிட்டுப் பார்த்திருந்தார். எப்படி நடந்தது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றேன். அவர் கெட்டுப்போன முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "நான் ஒருநாளும் உள்ளே நின்றதில்லை. பயிற்சியில் நின்றிருக்கிறேன், ஆட்டத்தில் இல்லை. எப்படி இருக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும்."

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. தன் வாழ்க்கையில் பாதியை இதற்குக் கொடுத்த ஒருவர், பார்னஹாகேயிலிருந்து வந்த என்னிடம் கேட்கிறார். நல்ல பதிலாக ஒன்றைச் சொல்ல விரும்பினேன். இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடப்பதுபோல இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். பிறகு அது சரியில்லை என்று பட்டது. வீடு அசையாது, இவர்கள் அசைகிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்தார். மலை உச்சியில் ஏரிகளும் கற்களும் கடந்து போயின.

இறுதியாட்டத்துக்கு முன்பு நடந்த கடைசிப் பயிற்சியில் சட்ட மாணவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவனுடைய இடத்துக்குக் கழகத்தில் இன்னொருவர் இருந்தார். அவனைவிடப் பலமானவர், அனுபவம் உள்ளவர், எனக்கும் பிடித்த மனிதர். என் சொற்களை எல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். இறுதியாட்டத்தில் அவர் தனக்கு முன்னால் வந்தவனை ஒருமுறையும் விடவில்லை. ஆனாலும் எங்கள் குவாட்டர்பேக் பழையபடி விழத் தொடங்கினார். தச்சர், தன் மறுபக்கம் நின்ற புதியவரை நினைத்து என் பக்கம் பிந்தினார். நான் தச்சரை நினைத்து மறுபக்கம் பிந்தினேன். இடப்பக்க ஓரத்தில் ஒருவர் மாறியதற்கு, மற்றத் தொங்கலில், வலப்பக்க ஓரத்தில் நின்ற பேருந்துச் சாரதி ஏன் தடுமாறவேண்டும்? அவரும் தடுமாறினார். தோற்றுப்போனோம். ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்ற சட்ட மாணவன் ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து மன்னிப்புக் கேட்டான். நன்றாக ஆடிய புதியவரும் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று இருவருக்கும் தெரிந்திருக்காது.

இலையுதிர்காலத்தில் அந்த லைன்பேக்கர் ஒஸ்லோவுக்கு வந்தான். ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்துக் குரோருட்டில் அறை எடுத்திருந்தான். கோயம்புத்தூரில் பிறந்தவன், அமெரிக்காவில் படிக்கும்போது இந்த ஆட்டத்தைப் பழகியவன். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவி வைத்த மீன்குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டான். நீங்க பேசற தமிழ் ரொம்ப அழகா இருக்குங்க என்று அவளிடம் சொன்னான். அவள் என்னைப் பார்த்து, "உவர் கதைக்கிறது எனக்கு விளங்குது. உங்கட ஆட்டம்தான் இன்னும் விளங்கேல்லை" என்றாள். அவன் அவளுக்கு விளக்கத் தொடங்கினான். கரண்டி, தேசிக்காய், உப்புப் போத்தல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அழகாக விளக்கினான். கடைசியில் அவள், அப்ப இவர் இந்த உப்புப் போத்தலோ என்று கேட்டாள்.

அவன் எங்கள் கழகத்தில் சேர்ந்தான். தச்சரின் முதுகு சரியில்லாமல் போனதால், பயிற்றுநர் அவனை எடை ஏற்றச் சொல்லி என் இடப்பக்கத்தில் நிறுத்தினார். அவனுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். முதல்முறையாக என் பக்கத்தில் தமிழ் விளங்குகிற ஒருவன்.

நேற்றைய பயிற்சியில் பழையபடி மெதுவாக நடந்தோம். சட்ட மாணவன், கோயம்புத்தூர்க்காரன், நான், லொறி ஏற்றுபவர், பேருந்துச் சாரதி. நான் என் வழக்கப்படி ஏதோ ஒன்றைச் சொன்னேன். மூன்று பேர் என்னோடு வலப்பக்கம் சரிந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் மட்டும் இடப்பக்கம் போய், சட்ட மாணவனின் மேல் மோதி, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

"அண்ணா, நீங்க இஞ்சைன்னுதானே சொன்னீங்க?" என்றான் தரையிலிருந்தபடியே.

ஓம், அப்படித்தான் சொன்னேன். அது பிழை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? சொல்லைக் கேட்காதே என்று சொன்னால், பிறகு எதைக் கேட்பது என்பான். பயிற்றுநரைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலத் தரையில் படுத்துக்கொண்டு எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஒன்றும் சொல்லாமல் செய்து பாருங்கள் என்றார். வாயை மூடிக்கொண்டு குனிந்தேன். உடனே பேருந்துச் சாரதி, சத்தம் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். நான் பந்தில் கையை வைத்தபடி, சொல்லுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். நால்வரும் பொறுமையாகக் குனிந்து காத்துக்கொண்டு நின்றார்கள்.